தோம்பில் எழுதாத வீடு

தோம்பு என்றொரு சொல் யாழ்ப்பாணத்தில் வழங்குகின்றது. அப்பகுதியினின்றும் வந்து தைப்பிங்கிலும் சிரம்பானிலும் கோலாலம்பூரிலும் குடியேறியவர்களின் வழித்தோன்றல்களுள் சிலர், பாட்டனார் பெட்டியில் பூட்டி வைத்திருந்த காணி உறுதிகளைப் பற்றிப் பேச்செழும்போது இச்சொல்லைக் கேட்டிருக்கக் கூடும். தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்தவர்களின் மக்களுக்கோ இது புதுச் சொல்லாகவே தோன்றும். இன்னாருடைய நிலம் இவ்வளவு, அதன்கண் நிற்கும் மரம் இத்தனை, அதற்குரிய இறை இவ்வளவு என்று அரசாங்கத்தார் எழுதி வைத்த பெரும் பதிவேட்டுக்கே தோம்பு என்று பெயர். காணி வழக்கு நேர்ந்தபோதெல்லாம், "தோம்பில் என்ன இருக்கிறது?" என்று கேட்பது அந்நாட்டில் ஒரு காலத்து வழக்கம். தோம்பில் உள்ளவன் உடையவன். இல்லாதவன் வாயிருந்தும் ஊமை.

சொல் தமிழன்று, பறங்கியருடையது. போர்த்துக்கல் தேசத்து மொழியில் பதிவேட்டுக்கு 'தோம்போ' என்று பெயர். அந்நாட்டரசர் தம் பத்திரங்களையெல்லாம் லிஸ்பன் மாநகரத்துக் கோட்டையின் கோபுரமொன்றில் 1378 முதலாகவே வைத்துக் காத்து வந்தனர். அக்கோபுரத்துக்குத் 'தோம்போக் கோபுரம்' என்றே பெயராயிற்று. 1755-இல் நேர்ந்த பெரும் பூகம்பத்திலே கோபுரம் இடிந்து வீழ்ந்தது. உள்ளிருந்த ஏடுகளோ தப்பின. இன்றும் போர்த்துக்கல்லின் தேசிய ஆவணக் களஞ்சியத்துக்குக் கோபுரத்தின் பெயரே நிலைத்திருக்கின்றது. கல் விழுந்தும் காகிதம் நின்றதென்ற இச்செய்தியை நேயர்கள் மனத்தில் இருத்திக் கொள்க. நாம் இங்கே சொல்லப் புகுந்தது, கல்லும் விழுந்து, காகிதமும் கைவிட்டுப் போன மக்களைப் பற்றியது.

பறங்கியர் 1619-இல் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். அதற்கு முன்னரே, 1614 அளவில், தென்மேற்கு இலங்கையில் தமக்குட்பட்ட கிராமங்களையெல்லாம் தோம்பெழுதத் தொடங்கிவிட்டனர். 1658-இல் ஒல்லாந்தர் அவர்களை ஓட்டிவிட்டு வந்தமர்ந்தனர். ஓட்டியவர் வேறாயினும் ஏடு மாறவில்லை. முன்னையோர் பெயரையே கொண்டு, முன்னையோரினும் பன்மடங்கு நுணுக்கமாய் எழுதினர். வாணிகக் கம்பெனியின் கணக்கர் அல்லரோ! தலைத் தோம்பு, நிலத் தோம்பு என அவர்கள் ஏடு இருவகைப்பட்டது. தலைத் தோம்பில் குடும்பத் தலைவன், மனைவி, மக்கள், அவர்கள் சாதி, அச்சாதியினர் கம்பெனிக்குச் செய்யக் கடமைப்பட்ட ஊழியம் ஆகியவை எழுதப்பட்டன. நிலத் தோம்பில் நிலமும், அதிலுள்ள பங்கும், தென்னை, கமுகு, பலா முதலிய பயன்மரங்களின் தொகையும் எழுதப்பட்டன. இவ்வேடுகளுட் பல கொழும்பிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன. ஒல்லாந்துக் கம்பெனியின் ஆவணங்களை உலக நினைவுப் பதிவேட்டிலே யுனெஸ்கோ நிறுவனம் 2003-இல் சேர்த்தபோது, கொழும்பிலுள்ள தொகுதியும் அவற்றோடு அடங்கிற்று.

ஏட்டோடு நிற்காமல் படமும் எழுதினர். பல்தேயுஸ் என்னும் ஒல்லாந்துப் பாதிரியார் யாழ்ப்பாணத்தில் ஊழியம் செய்து திரும்பி, 1672-இல் வெளியிட்ட நூலில் அக்குடாநாட்டின் படம் உண்டு. குடாநாட்டை அடுத்த தீவுகளுக்கு அவர்கள் தம் ஊர்ப் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆயிற்று; வேலணை லெய்டன் ஆயிற்று; நெடுந்தீவு டெல்ப்ட் ஆயிற்று. முன்னிரண்டும் வழக்கொழிந்தன. மூன்றாவதோ ஆங்கிலத்தில் எழுதும் அரசாங்கத் தாள்களில் இந்நாளும் வாழ்கின்றது. அத்தீவார் தம் ஊரை நெடுந்தீவு என்று சொல்லிக்கொண்டேயிருக்க, படத்திலே பிறன் ஊர்ப் பெயரொன்று ஒட்டிக் கிடப்பதைக் காண்கின்றோம். தேசப்படம் என்பது நிலத்தின் சாயல் மாத்திரம் அன்று, எழுதியவன் எண்ணத்தின் சாயலுங்கூட என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

ஒரு வேடிக்கையையும் இவ்விடத்திற் சொல்லிவிட்டு அப்பாற் செல்வோம். தோம்பைத் தந்த அதே பறங்கியர்தாம் வீட்டின் உள்ளுறுப்புகள் பலவற்றுக்கும் நமக்குப் பெயர் தந்தவர். யன்னல் அவர்கள் சொல். விறாந்தை அவர்கள் சொல். யாழ்ப்பாணத்தார் அடுக்களையைக் குசினி என்கின்றார்களே, அதுவும் அவர்கள் சொல். கதிரையும் அலுமாரியும் அவ்வழி வந்தவையே. நாம் இடுப்பிற் செருகிக் கொள்ளும் சாவியும் அப்படியே. ஆனால் அவர்களுடைய ஏட்டில் யன்னலுக்கும் இடமில்லை, குசினிக்கும் இடமில்லை. பலாமரத்தை எண்ணியவன், அம்மரத்தடியில் விளையாடிய குழந்தையைத் தலைத் தோம்பில் வேறாக எண்ணினான். மரமும் குழந்தையும் ஒரே முற்றத்தில் இருந்தன என்பது எவ்வேட்டிலும் ஏறவில்லை. இறை வாங்குவோனுக்கு அது வேண்டுவதும் அன்று.

யாழ்ப்பாணத்தில் நிலம் என்பது பெரும்பாலும் சிறு துண்டு. அதைப் பரப்பு என்னும் அளவால் அளப்பர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் உண்டு. நொத்தாரிசு எழுதும் உறுதியில் அப்பெயரும், நாற்றிசையிலும் எல்லையாக உள்ள அயலவர் பெயர்களும், பொதுக் கிணற்றில் இவ்வளவு பங்கு, வழிவாய்க்காலில் இவ்வளவு உரிமை என்பனவும் வரும். கிணற்றில் பங்கென்றால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் நகைப்பர். ஆறில்லாத அந்நாட்டில் அது நகைப்புக்குரிய செய்தியன்று. தண்ணீருள்ள இடமே குடியிருப்பு. கிணற்றடியே வீட்டின் உயிர்நிலை.

அந்நிலத்து வழக்கங்களை 1707-இல் கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் ஒல்லாந்து அதிகாரி தொகுத்தெழுதினார். தமிழ் முதலிமார் பன்னிருவர் அதனைப் படித்து ஒப்புக்கொண்டனர். தேசவழமை என்னும் அச்சட்டத்தின்படி சொத்து மூவகை: முன்னோர் வழி வந்தது முதுசொம், மணத்தின்போது பெண்ணுக்குக் கொடுப்பது சீதனம், இல்வாழ்க்கையில் ஈட்டியது தேடிய தேட்டம். வீட்டைப் பெண்ணுக்குச் சீதனமாய்க் கொடுப்பதே அந்நாட்டில் பெருவழக்காதலால், யாழ்ப்பாணத்து வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரிலேயே உள்ளது. ஆயினும் கணவன் சம்மதமின்றி அவள் அதனை விற்க முடியாதென்பதும் அச்சட்டமே. உடைமை அவளது, ஒப்பம் அவனது! அதே தொகுப்பில் அடிமைகளைப் பற்றியும் ஒரு பகுதியுண்டு. சில சாதியினரை மாட்டையும் நிலத்தையும் போல் கைமாற்றக் கூடியவர்களாக அது எழுதி வைத்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்தது 1844-இல். இதைப் பின்னர் மறுபடியும் எடுப்போம்.

ஆங்கிலேயர் வந்து 1800-இல் சர்வே இலாகாவை நிறுவினர். சங்கிலி பிடித்து அளந்தனர். 1840-ஆம் ஆண்டின் சட்டமொன்றால், காடும் தரிசும் பயிரிடாத நிலமும் மறுதலையாக நிறுவப்படும்வரை முடிக்குரியவை என்றனர். மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களும் பின்னர்த் தேயிலைத் தோட்டங்களும் இவ்வாறு எழுந்த கதை நம் நேயர்க்கு ஓரளவு தெரிந்ததே. எழுத்தில் இல்லாததெல்லாம் எனது என்பதே அச்சட்டத்தின் சாரம்.

இனிச் சென்ற நூற்றாண்டின் இறுதிக்கு வருவோம்.

இலங்கையில் அரசாங்கப் படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் நிகழ்ந்த போர் 1983 முதல் 2009 வரை நீண்டது. மாண்டவர் தொகையைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். வீடிழந்தவரைப் பற்றி எழுதியது குறைவு. 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் போருக்கஞ்சி வெளியேற, பலாலி விமானத் தளத்தையும் காங்கேசன்துறைத் துறைமுகத்தையும் சுற்றிய அவர்களுடைய ஊர்கள் நாளடைவில் உயர் பாதுகாப்பு வலயம் என்று வேலியிடப்பட்டன. கால் நூற்றாண்டுக் காலம் வலயத்தினுள் உடையவர் கால் வைக்க முடியவில்லை. அதே 1990-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தார்க்குக் கொடுத்த தவணை இரண்டே மணி நேரம். எழுபதினாயிரம் பேருக்கு மேற்பட்டோர், தமிழையே தாய்மொழியாகப் பேசியவர்கள், தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தெருக்களை விட்டுப் புத்தளத்துக்கும் பிற இடங்களுக்கும் போயினர். தமிழர் உரிமைக்கென்று துப்பாக்கி ஏந்தினோர் தமிழ் பேசும் அயலானைத் துரத்திய இச்செயலை மழுப்பிச் சொல்வார் இன்னும் உளர். நாம் மழுப்புவதாயில்லை. 1995 அக்டோபர் 30-ஆம் நாளில், படை நெருங்கி வர, புலிகளின் கட்டளைப்படி யாழ்ப்பாண நகரமும் வலிகாமமும் ஒரே இரவில் வெறுமையாயின. இலட்சக்கணக்கானோர் மழையிற் செம்மணி வழியாகத் தென்மராட்சியை நோக்கி நடந்தனர்.

இப்படி நடந்தவர்கள் எதைக் கையிற் கொண்டு போயினர்? பலர் காணி உறுதியைக் கொண்டு போயினர். உறுதி மடித்து இடுப்பிற் கட்டத் தக்கது; வீடு அவ்வாறு மடியாது. மழையும் நெருப்பும் மாறிமாறி வந்தபோது உறுதியையும் இழந்தோர் பலர்.

தா. சனாதனன் என்னும் ஓவியர் யாழ்ப்பாணத்தவர், 1969-இல் பிறந்தவர், டில்லியில் ஓவியம் பயின்று, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பித்தவர். போர் முடிந்து ஈராண்டில், 2011-இல், அவர் ஒரு நூலை வெளியிட்டார். சார்மினி பெரேரா என்பார் நிறுவிய 'ரேக்கிங் லீவ்ஸ்' என்னும் பதிப்பகம் அதனைக் கொணர்ந்தது. நூலின் ஆங்கிலப் பெயரைத் தமிழாக்கினால் 'நிறைவுறாத் தோம்பு' என்னலாம். காட்சிக்கு அது கலைநூல் போன்றிராது. கச்சேரியில் குமாஸ்தா மேசைமேற் கிடக்கும் கோப்பைப் போன்ற தோற்றத்தது. ஒல்லாந்தன் எழுதிய பேரேட்டின் பெயரை எடுத்து, அவன் எழுதாமல் விட்டதை அதே கோலத்தில் எழுதியிருப்பதே அந்நூலின் முதற் சாமர்த்தியம்.

நூலமைதி இது. வீட்டை விட்டுப் பெயர்ந்த தமிழரும் முஸ்லிம்களுமாகிய எண்பது பேரிடம், இழந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். அவர்கள் வரைந்தனர், வரைந்துகொண்டே தம் கதையைச் சொல்லினர். ஒவ்வொரு வீட்டுக்கும் மூன்று படங்கள் அமைந்தன. முதலாவது வீட்டுக்குரியவர் தம் கையாற் கீறியது. இரண்டாவது, அக்கீறலைக் கொண்டு கட்டடக் கலை முறைப்படி நேர்கோட்டில் செப்பமாக எழுதிய வரைபடம். மூன்றாவது, அக்கதையைக் கேட்ட ஓவியர் உலர்வண்ணக் கட்டிகளால் தாமே தீட்டிய சித்திரம். உடன் கதையின் சுருக்கம் சிறு குறிப்பாக நிற்கும்.

இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதிலேதான் அந்நூலின் பயன் முழுதும் இருப்பதாக நமக்குத் தோன்றுகின்றது. முதற் படத்தை வரைந்தவர்க்குப் படமெழுதும் பழக்கமில்லை. நினைவுக்கு அளவுகோல் கிடையாது. ஒருவன் நாள்தோறும் படித்த திண்ணை அவன் நினைவில் மண்டபம்போல் விரியும். என்றோ ஒருநாள் எட்டிப் பார்த்த அறை பெட்டிபோற் சுருங்கும். இரண்டாம் படம் அதைத் திருத்துகின்றது: சுவர் நேராகின்றது, கதவு இருக்குமிடம் தெளிவாகின்றது. இப்படத்தைக் கொண்டு கொத்தனார் மறுபடி வீடு கட்டலாம்; கச்சேரியிற் காட்டி வழக்குரைக்கலாம். ஆனால் திருத்தும்போதே ஒன்று கழன்று போகின்றது. கோணலாக நின்ற கோட்டில் அதை வரைந்தவரின் கை இருந்தது. நேரான கோட்டில் அக்கை இல்லை. மூன்றாம் படம், கழன்று போனதைத் தேடிப் போகின்றது. அது தரைப்படமன்று, அளவையும் அன்று. சொன்னவர் சொல்லாமல் விட்டதைக் கேட்டவர் எழுதியது அது.

தேசப்படங்களைக் கண்டு மனங்கவரப்பட்டு ஓவியம் எழுதுவோர் உலகின் பல பாகங்களிலும் உளர். தென் அமெரிக்காவில் உருகுவே நாட்டுத் தோரெஸ் கார்சியா என்னும் ஓவியர், 1943-இல் அக்கண்டத்தின் படத்தைத் தலைகீழாக வரைந்து, தெற்கே நமக்கு மேல் என்றார். அலிகாரிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த சரினா என்னும் அம்மையார், 1947-இல் இந்தியாவைப் பிளந்த எல்லைக்கோட்டை மாத்திரம் 2001-இல் ஒரு மரச்செதுக்கு அச்சுப்படமாக்கினார். தாளில் வேறொன்றுமில்லை, கறுப்பாக ஒரு வடு. இவ்விருவரும் பெரும்படத்தை எடுத்து அதனோடு வழக்காடினர். சனாதனனார் செய்ததோ வேறு. அவர் நாட்டுப் படத்தைத் தொடவில்லை; எல்லைக்கோட்டைத் தொடவில்லை. இந்நிலம் எந்த இனத்தாருடைய நாடு என்று இரு பக்கத்தாரும் படம் கீறி மாண்ட பூமியிலே, உன் அடுக்களை எப்பக்கம் இருந்தது என்று கேட்டார். அக்கேள்விக்குத் தமிழரும் முஸ்லிமும் ஒரேவிதமாய் விடை சொல்ல முடிந்தது. ஒருவனுடைய படம் மற்றவனுடையதை அழிக்கவில்லை. ஒரே கோப்பில் இரண்டும் அடுத்தடுத்த தாளாய் அமைந்தன. அரசியல்வாதிகள் மேடையிற் பேசிய ஒற்றுமையைக் காட்டிலும் இவ்வொற்றுமை நமக்கு மெய்யாய்த் தெரிகின்றது.

மலாய் நாட்டுத் தமிழர் இந்நூலைத் தூரத்துச் செய்தியாகக் கொள்ளுதல் தகாது. யாழ்ப்பாணத்துக் கல்வீடுகள் பல எழுந்தது எவருடைய பணத்தால்? இரெயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் தோட்டத்துக் கிராணி வேலையிலும் இங்கே நாற்பதாண்டு உழைத்தவர்கள் மாதந்தோறும் அனுப்பிய வெள்ளிகளால். மலாயாப் பென்ஷன்காரர் என்று ஒரு வகுப்பினர் அந்நாட்டுக் கிராமங்களில் இருந்தனர். செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஒண்டியிருந்து, அங்கே நாற்சார் வீடும் சங்கடப்படலையும் எழுப்பினர். அவ்வீடுகள் மகள்களுக்குச் சீதனமாயின. ஆகவே, அங்கே இடிந்த சுவர்களுட் சிலவற்றில் நம் நாட்டு இரும்புப் பாதையின் வியர்வையும் இருந்தது.

கிராணியார் வீடு அவ்வாறு. கூலித் தோழன் வீடு? அவனுக்கும் ஒரு தோம்பு இருந்தது. செக்ரோல் என்று அதற்குப் பெயர். காலையிற் பிரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டு, வந்தவனுக்கு ஒருநாட் பேர் போட்டனர். அவன் பெயர் அதிலிருந்தது; எத்தனை நாள் வேலை என்பதும் இருந்தது. அவன் குடியிருந்த லயத்து அறை அவனுடையதென்று எந்த ஏட்டிலும் இல்லை. தோட்டம் கைமாறி நிலம் துண்டாடப்பட்டபோதும், பின்னர் ரப்பர் வெட்டுண்டு வீட்டுமனைகளும் நெடுஞ்சாலைகளும் எழுந்தபோதும், மூன்று தலைமுறை குடியிருந்தவன் தன் லயத்தைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. நட்ட முருங்கையையும் கட்டிய கோவிலையும் காட்டி அவன் வழக்காடினான், பத்திரம் கேட்டார்கள். இப்படி வெளியேறியவர்களுட் சிலர் இந்நாளும் லயத்து அறையைக் கண்ணை மூடிக்கொண்டே வரைந்து காட்ட வல்லவர். முன் அறை பத்தடி, பின்னே அடுப்படி, வெளியே பொதுக் குழாய் என்று. அவர்கள் உயிரோடிருக்கும்போதே கையிற் பென்சிலைக் கொடுக்க ஒரு சனாதனன் இங்கே இன்னும் வேண்டும். நம் வாசகசாலைகளும் இளைஞர் மணிமன்றங்களும் ஆண்டுதோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளில் ஒன்றைக் குறைத்துக்கொண்டு, இதனைச் செய்து பார்க்கலாம்.

முன்னர் எடுப்போம் என்றதை இனி எடுப்போம். நூலை எவ்வளவு புகழ்ந்தாலும், வீட்டை வரையச் சொல்லும் ஏடு, வீடுடையவனிடமிருந்தே தொடங்குகின்றது. ஒல்லாந்தன் தலைத் தோம்பில் இன்ன சாதியான், இன்ன ஊழியம் என்று எழுதப்பட்டவர்களுள் பெருந்தொகையினர்க்குச் சொந்த நிலம் இல்லை. அவர்களுடைய வழிவந்தோரும் அயலான் காணியிற் குடிசை கட்டி, அவன் இருக்கவிட்டமட்டும் இருந்தவர்கள். இவர்களும் 1990-இலும் 1995-இலும் நடந்தனர். நலன்புரி முகாம்களில் எல்லாரையும் போலவே கூடாரத்தில் இருந்தனர். காணியுடையோர் சிலருக்குக் கொழும்பிலும் கனடாவிலும் போக்கிடம் இருந்தது. இவர்கள் முகாமிலேயே மூத்தனர். வலயம் திறந்து காணி திருப்பித் தரப்பட்டபோது, உறுதி காட்டியவனுக்குக் காணி உண்டு; பிறன் காணியிற் குடியிருந்தவனுக்குத் திரும்பிச் செல்ல இடம் எது?

கிணற்றையே எடுத்துக் கொள்க. நாம் மேலே கிணற்றடியை வீட்டின் உயிர்நிலை என்றோம். அக்கிணற்றில் தானே அள்ளிக் குடிக்க உரிமையின்றி, உயர்சாதியான் வார்த்தால் ஏந்திக் குடித்து நின்றவர்கள் அதே ஊரில் இருந்தனர். நீண்ட காலம் தமக்கெனக் கிணறு தோண்டவும் அவர்கள் விடப்பட்டாரில்லை. அவர்களுள் ஒருவரை அவ்வீட்டின் படத்தை வரையச் சொன்னால், முதலில் வேலியை வரைவார். அடுத்துக் கொல்லைப்புறத்து வழியை வரைவார். தாம் நின்ற இடத்தைக் காட்டுவார். அறைகளை வரையமாட்டார், உள்ளே போனதில்லையாதலால். அப்படமும் அவ்வீட்டின் படமே. நாற்சார் வீட்டின் அழகைப் பாடுவோர் இந்த நாலாம் படத்தையும் மற்ற மூன்றோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்பது நம் கருத்து. இதனைக் குறையாக ஓவியர்மேல் ஏற்றுதற்கில்லை. தம் தோம்பு நிறைவுறாதது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார். அரசாங்கத்துப் பேரேடு ஒன்றேனும் தன்னை அவ்வாறு சொல்லிக்கொண்டதை நாம் கண்டதில்லை.

உயர் பாதுகாப்பு வலயத்துக் காணிகள் 2015 முதல் துண்டு துண்டாக விடப்பட்டன. இருபத்தைந்து ஆண்டுக்குப் பின் உடையவர் உள்ளே போயினர். போனவர் பலர்க்குத் தம் காணி எது என்றே தெரியவில்லை. வீடுகள் இடிந்து, சில இடங்களில் கல்லும் அகற்றப்பட்டு, வேலியும் ஒழுங்கையும் அழிந்து, பற்றைக்காடு மூடிக் கிடந்தது. எல்லைக்கல் இல்லை, அயலவனைக் கேட்கலாமென்றால் அயலவனும் தன் எல்லையைத் தேடிக்கொண்டிருந்தான். சிறுவராய்ப் போனவர் நரைத்து வந்தனர். உடையவர் இறந்துபோக, அவ்வூரைக் கண்டறியாத பேரப்பிள்ளைகள் உறுதியோடு வந்தனர். உறுதியில் நாற்றிசை எல்லையும் அயலவர் பெயரும் எழுதியிருந்தன. நிலத்தில் அவற்றைச் சுட்டிக் காட்ட ஒன்றுமில்லை.

மண்மேல் நின்றதெல்லாம் போயின. மண்ணுள் இறங்கியது இருந்தது. தூர்ந்தும் கட்டு உடைந்தும் கிணறுகள் கிடந்தன. கத்தியால் பற்றையை வெட்டி வழிசெய்து கிணற்றைக் கண்டவர்கள், அதன் வாயருகே நின்று கிழக்கெது என்று பார்த்து, குசினி இத்தனை அடி, விறாந்தை இத்தனை அடி என்று காலால் அளந்து நடந்தனர்.